போட்டி முடிந்ததும் பறந்துபோகும் வசனங்கள்

கேள்வி:

தாராவியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை எடுக்கிறேன். 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலும் தாராவிப் பிள்ளைகள். சிலர் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வருகிறார்கள். செம்பூருக்குக் குடிமாறிப் போன இரண்டு மூன்று குடும்பத்துப் பிள்ளைகளும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

வருடா வருடம் மனன வசனப் போட்டி வைக்கிறோம். 50 வசனம் கொடுத்தால் ஐம்பதையும் எழுத்துத் தப்பாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பரிசு வாங்கி ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யோவான் 3:16ஐத் தவிர ஒன்றும் நிற்பதில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு ‘ஒரு வருடத்தில் முழு வேதாகமம்’ என்று அட்டவணை கொடுக்கிறோம். பிப்ரவரியில் அதை யாரும் தொடுவதில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். சபைப் பெரியவர்கள் பார்த்தால் சத்தம் போடுகிறார்கள். காலையில் எழுந்து தனியாக உட்கார்ந்து தியானம் செய்யுங்கள் என்றால் ‘எங்கே உட்கார்றது அக்கா?’ என்று கேட்கிறார்கள். ஒரே அறை வீடு. அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இன்னொன்று. ஒரு பையனுக்கு எவ்வளவு முயன்றாலும் ஒரு வசனம்கூட மனதில் நிற்பதில்லை. போட்டி நாட்களில் அவன் வருவதே இல்லை. நான் என்ன செய்யட்டும்?

— ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை, தாராவி

பதில்:



போட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கஷ்டங்களில் பாதி அங்கேதான் முளைக்கிறது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் நினைவாற்றலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கு வேறு ஆள் தேடாமல் தன்னையே சோதித்துக்கொண்டவர் அவர். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்வார். பிறகு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று கணக்கெடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அதே மனிதர் ஆங்கிலக் கவிஞர் பைரனின் பாட்டையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதுமாக இருந்தது. பாட்டுக்குப் பொருள் இருந்தது, ஓசை இருந்தது, ஒரு வரி அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

இப்போது உங்கள் போட்டிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நீதிமொழிகளிலிருந்து ஒன்று, ரோமரிலிருந்து ஒன்று, ஏசாயாவிலிருந்து ஒன்று என்று ஐம்பது இடங்களிலிருந்து ஐம்பது வசனம். யார் யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எதுவும் தெரியாது. அந்தத் தமிழும் அவர்கள் பேசும் தமிழ் அல்ல. பிள்ளையின் காதுக்கு அது எபிங்ஹவுஸின் அசைகளைப் போலத்தான் கேட்கும். அப்படியும் ஐம்பதை ஒப்பித்துவிடுகிறார்களே, அவர்களுடைய ஞாபகசக்தியை மெச்ச வேண்டும். மறந்துபோவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு ஆராய்ச்சியும் உங்களுக்கு உதவும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு வாசித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கே அதிகம் நின்றிருந்தது. நம்முடைய போட்டி எல்லாமே அந்த ஐந்து நிமிடத்துக்கான தயாரிப்பு. சனிக்கிழமை இரவு முழுக்க உருப்போட்டு ஞாயிறு காலை ஒப்பித்தால் கேடயம் கிடைக்கும். கேடயம் அலமாரியில் தங்கும், வசனம் தங்காது.

ஆகவே ஐம்பதை விடுங்கள். வருடத்துக்கு நான்கு பகுதி போதும். வசனமாக இல்லாமல் பகுதியாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பதினோரு வசனம் வரை வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று. ‘இவ்வளவுதானா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கட்டும்.

நான் ஏன் பகுதி பகுதியென்று பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், வேதாகமத்தை எழுதியவர்கள் வசன எண் போட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்கள் ராபர்ட் எஸ்டியன் என்ற பாரிஸ் அச்சுக்காரர் 1551இல் போட்டவை. தேடி எடுக்க அவை வசதியானவை, சந்தேகமே இல்லை. ஆனால் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதியது ஒரு கடிதம். அதை 104 துண்டாக நறுக்கி, பிடித்த துண்டை மட்டும் டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்வது நம் காலத்துப் பழக்கம். பிலிப்பியர் 4:13ஐப் பரீட்சைக்கும் கிரிக்கெட் மேட்சுக்கும் சொல்லிக்கொள்ளும் பையனிடம் அதற்கு முந்தைய இரண்டு வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். சிறையில் இருக்கும் ஒருவர், பசியிலும் நிறைவிலும் எப்படி இருப்பதென்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். தாராவிப் பையனுக்கு மேட்சை விட அது நன்றாகவே புரியும்.

லூக்கா 4ஆம் அதிகாரத்தை உங்கள் வகுப்பில் ஒரு முறை மெதுவாக வாசியுங்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசும் வசனம் சொல்கிறான்; 91ஆம் சங்கீதத்திலிருந்து, ஏறக்குறைய அப்படியே சொல்கிறான். மனனப் போட்டி வைத்தால் அவனுக்கும் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். இயேசு சொன்ன மூன்று பதில்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தீர்களா? உபாகமம் 8:3, 6:13, 6:16. மூன்றும் அடுத்தடுத்த பக்கங்கள். இஸ்ரவேலர் 40 வருடம் வனாந்தரத்தில் பசியோடு நடந்ததைப் பற்றிய பகுதி. 40 நாள் வனாந்தரத்தில் பசியோடு இருந்தவர் அந்தப் பகுதியிலேயே மனதைத் தங்க வைத்திருக்கிறார். ஒருவனுக்குத் துண்டு தெரியும், மற்றவருக்குப் பகுதி தெரியும். வேத மனனத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எந்தப் பகுதியில் தொடங்குவது? உங்கள் வகுப்புக்கு முதல் பகுதியாக எரேமியா 29:4–14ஐச் சொல்வேன். காரணம் இருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் 29:11 எத்தனை பேர் கைக்கு வந்திருக்கும்! பிரிட்ஜ் கதவிலும் போன் திரையிலும் அதைப் பார்க்கலாம். அட்டை எடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வாக்கியம் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அவர்களுக்கு ஒரே கேள்வி: எப்போது ஊருக்குத் திரும்புவோம்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடம் என்கிறான். கேட்கிறவர்களுக்குக் குளிர்ந்துபோயிருக்கும். எரேமியா எழுதுவது 70 வருடம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊரைப் பார்க்காமலே கண்ணை மூடுவார்கள் என்று அர்த்தம். அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபியுங்கள், அந்த ஊர் நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று போகிறது கடிதம். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்களில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவர்களாக இருப்பார்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று வந்து, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்புக்காரர்கள் கதவில் எண் எழுதிவிட்டுப் போன பிறகு, யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வேறெங்கோ என்ற பேச்சுத்தான் வீட்டுக்கு வீடு. இந்தப் பிள்ளைகளிடம் எரேமியாவின் கடிதத்தைக் கொடுத்து, ‘உங்கள் தாத்தா எப்போது வந்தார்? திரும்பிப் போக நினைத்தாரா? இந்த ஊருக்காக நம் வீட்டில் யாராவது ஜெபித்திருக்கிறோமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போய் தாத்தாவிடம் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரண்டு ஞாயிறு இதிலேயே போகட்டும். மூன்றாம் ஞாயிறு பதினோரு வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லச் சொன்னால், பாதி ஏற்கெனவே உள்ளே போயிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மீதிப் பாதிக்கு உழைப்பு வேண்டும். அதை எப்படிச் செய்வதென்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் பகுதி முழுவதையும் சத்தமாக மூன்று முறை வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசிப்பது போதாது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்தது பிலிப்புவின் காதில் விழுந்ததே, அந்தக் காலத்தில் வாசிப்பு என்றால் பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தெரிந்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தடுமாறட்டும், அந்தத் தடுமாற்றம்தான் வேலை செய்கிறது. முழுதாகத் திக்கினால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சொல்லலாம். அடுத்த நாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குச் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பிரபலப்படுத்திய அட்டைப்பெட்டி முறை நல்லது. பகுதியை அட்டைகளில் எழுதிக்கொள்ளலாம்; ஒரு பெட்டியில் மூன்று நான்கு அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசி அறையை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். செருப்பு டப்பா போதும். தாராவியில் அதற்கா பஞ்சம்!

எபிரெயர் கட்டிய சில பாட்டுகளும் மனப்பாடத்துக்கு வசதியானவை. 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம் ஏன்? எபிரெய எழுத்து 22, எழுத்துக்கு எட்டு வசனம். ‘அ’ முதல் வரிசையாகப் போகும் ஒளவையின் ஆத்திசூடியைப் போலவே, எழுத்து வரிசை தெரிந்த பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். மொழிபெயர்ப்பில் அந்த வசதி போய்விட்டது. அதனால், நீளத்தைப் பார்த்து மலைத்துப் போட்டிக்கு அதையே கொடுக்கும் ஆசிரியர்களிடம், வேண்டாம் என்று நான் மன்றாடுவது வழக்கம்.

வருட அட்டவணை ஏன் பிப்ரவரியில் செத்துப்போகிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கணக்குத்தான். 66 புத்தகத்தில் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று அதிகாரம் என்று ஆதியிலிருந்து தொடங்கினால் ஜனவரி 25ஆம் தேதி யாத்திராகமம் 25, அதாவது ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள். ஜனவரி 31 அன்று லேவியராகமம் 1. பதினான்கு வயதுப் பிள்ளை, பள்ளித் தேர்வு நேரத்தில், பலியின் சட்டங்களுக்குள் தனியாக நுழைகிறது. நான்கு நாள் தவறினால் 12 அதிகாரம் கடன். கடன் ஏறிய பிறகு புத்தகத்தைப் பார்க்கவே பிள்ளைக்குக் கூச்சம். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மெக்செயின் 1842இல் தன் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது. அது ஒரே நாளில் நான்கு இடங்களில் வாசிக்கச் சொல்லும். பெரியவர்களுக்கு நல்லது. 13 வயதுக்கு வேண்டாம்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 52 வாரம், சரியாக ஒரு வருடம். இரண்டு நாள் விடுதலை, தவறியதைப் பிடிக்க. முழு வேதாகமம் வாசித்தேன் என்ற பெருமை 20 வயதில் வரட்டும். ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அதுகூட அதிகம் என்றால் மாற்கு. 16 அதிகாரம்தான், எங்கும் நிற்காமல் ஓடுகிற நடை. அலெக் மக்கோவன் என்ற ஆங்கில நடிகர் 1978இல் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் மனப்பாடமாக, ஒற்றை ஆளாக, லண்டன் மேடையில் சொல்லிக்காட்டினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டார்கள். உங்கள் வாலிபர் கூட்டத்தில் பதினாறு பேர் ஆளுக்கு ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் பெரிய வெள்ளிக்கு முன் ஒரு மாலையில் முழு மாற்கையும் சபைக்குக் கேட்கக் கொடுக்கலாம். போட்டிக்குப் பதில் இதைச் செய்யுங்கள் என்பது என் யோசனை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை வரும்போதும், பிள்ளைகள் புத்தகமில்லாமல் சபையைப் பார்த்துச் சொல்லட்டும். முதலிடம் இரண்டாமிடம் இல்லை; சபை கேட்கிறது, அதுதான் பரிசு.

தமிழா இங்கிலீஷா என்ற சண்டைக்கு வருகிறேன். இதில் பெரியவர்கள் மனதை நான் புரிந்துகொள்கிறேன். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழில்தான். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடித்தது. நாம் சபையில் வாசிக்கும் பழைய திருப்புதல் 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் வந்தது. அந்த நடையில் ஜெபித்தே வளர்ந்தவர்களுக்குப் பேரப்பிள்ளை அதை ஏ, பி, சி, டியில் எழுதுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாததைப் பாவம் போல நடத்தினால் பிள்ளை தமிழையும் வெறுக்கும், வேதத்தையும் வெறுக்கும். திருநெல்வேலியின் ஆதிச் சபைகளில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? உபதேசியார் ஒரு வரி சொல்வார், சனங்கள் திருப்பிச் சொல்வார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியதை அப்படித்தான் கற்றார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வேதப் பொருளை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ என்று பாடி வைத்தாரே, அது கண்ணால் வாசிப்பவனைவிடக் காதால் கேட்பவனுக்கு ஆகும். தமிழ்க் கிறிஸ்தவம் காது வழியாக உள்ளே வந்தது. சத்தம் போடும் பெரியவரிடம், அவருடைய பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

என் கருத்து இது. தினசரி வாசிப்பு எந்த மொழியில் பிள்ளைக்குப் புரிகிறதோ அந்த மொழியில் இருக்கட்டும். எது அந்த மொழி என்று தெரியவில்லையா? பயந்தால் எந்த மொழியில் ஜெபிக்கிறாய் என்று பிள்ளையையே கேளுங்கள். சிலர் ஹிந்தி என்பார்கள். திடுக்கிட வேண்டாம், ஹிந்தியிலும் மராத்தியிலும் வேதாகமம் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தும் பழைய திருப்புதல் கடினம் என்பவர்களுக்கு எளிய நடையில் வந்த பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியமும் உண்டு. ஆனால் மனனத்துக்கு ஒரே பதிப்பு. மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றும் நிற்காது.

இதோடு எல்லாப் பிள்ளைகளும் தமிழில் காதால் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதிகள் என்று நான்கைச் சொல்வேன்: கர்த்தருடைய ஜெபம், 23ஆம் சங்கீதம், மலைப்பிரசங்கத்தின் தொடக்கம், 1 கொரிந்தியர் 13. சபை ஒன்றாகச் சொல்லும்போது இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. ஊரில் ஆச்சி படுக்கையில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் வேண்டும். மே மாத விடுமுறையில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறும் பிள்ளைகளுக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்: ஆச்சியோ தாத்தாவோ மனப்பாடமாகச் சொல்லும் ஒரு சங்கீதத்தைக் கேட்டு, போனில் பதிந்துகொண்டு வர வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்வதைத் தடுக்காதீர்கள். அது கைத்தடி. கூடவே வாரம் பத்து நிமிடம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் சிலர் தாங்களாகவே கைத்தடியைப் போட்டுவிடுவார்கள், சிலர் போடமாட்டார்கள்.

‘எங்கே உட்கார்றது அக்கா?’ என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னார் இயேசு. அறையே ஒன்று என்றால் கதவைச் சாத்தி யாரை வெளியே நிறுத்துவது? விடியற்காலை நேரம்தான் புனிதம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தாராவியில் விடியற்காலை என்றால் தண்ணீர் வரும் நேரம், கழிப்பறை வரிசை, அம்மாவுக்கு இட்லிச் சட்டி இறக்கிக் கொடுக்கும் நேரம். அந்த வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. தூங்கி வழியும் தம்பி ஆவிக்குரியவன் என்றும், குடத்தோடு ஓடும் அக்கா தியானம் தவறியவள் என்றும் கணக்கெழுத வேண்டாம். இரவு பத்து நிமிடம் நல்ல நேரம்தான். குடும்ப ஜெபம் இருக்கிற வீட்டில் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுக்கும்படி பெற்றோரைக் கேளுங்கள். சபைக் கட்டடம் வாரநாளில் பூட்டித்தானே கிடக்கிறது? மாலை ஏழிலிருந்து எட்டு வரை திறந்து, மின்விசிறியைப் போட்டு, பள்ளிப் பாடமோ வேதமோ எதையாவது படியுங்கள் என்று விட்டால் கமிட்டிக்கு என்ன நஷ்டம்? பெரியவர் இருவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செம்பூர்ப் பிள்ளைகளுக்கும் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் ஹார்பர் லைன் இருக்கிறது. 120 முதல் 134 வரையான பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் வழியில் பாடியவை என்று பலர் கருதுகிறார்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சின்னவை. 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம்தான். கூட்டத்தில் புத்தகம் விரிக்க முடியாது. காதில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக்கொண்டு வடாலா வருவதற்குள் ஒன்றைக் கேட்டு, இறங்கும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். போனில் உள்ள வேதாகம ஆப்களில் ஒரு தொல்லை, எத்தனை நாள் விடாமல் வாசித்தாய் என்று எண்ணிக் காட்டுவது. ஒரு நாள் தவறி எண் பூஜ்ஜியமானதும் பிள்ளை சோர்ந்துபோகும். அதை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ஒப்பித்ததைக் குரல் பதிவாக அனுப்பச் சொன்னால் பெற்றோரும் இருக்கிற குழுவில் அனுப்பட்டும், தனிப்பட்ட எண்ணுக்கு வேண்டாம். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

அந்தப் பையன் விஷயம். ஒரு வசனம்கூட நிற்கவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் என்றோ ஜெபக்குறைவு என்றோ யாரும் சொல்ல விடாதீர்கள். எழுத்தை வாசிப்பதிலேயே அவனுக்குச் சிக்கல் இருக்கலாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வரும் லேகியோன் பிடித்தவனின் கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவன் சொந்த வார்த்தையில், தாராவித் தமிழில், ஹிந்தி கலந்தாலும் பரவாயில்லை, திருப்பிச் சொல்லட்டும். கல்லறை, சங்கிலி, பன்றிக்கூட்டம் எல்லாம் வரிசை மாறாமல் சொல்லிவிட்டானானால் அவன் ஞாபகத்தில் குறையில்லை. எழுத்து வழியாகப் போகும் பாதையில்தான் அடைப்பு. மாற்கு மாலை வரும்போது 5ஆம் அதிகாரத்தை அவனுக்கே கொடுங்கள், சொந்த வார்த்தையிலேயே சொல்லட்டும். பள்ளியிலும் இதே கஷ்டமா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். ஆமென்றால், உங்கள் பக்கத்திலேயே இருக்கும் சயான் மருத்துவமனையில், அதுதான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில், கற்றல் குறைபாட்டைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. அங்கே சான்றிதழ் கிடைத்தால் எஸ்.எஸ்.சி. தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம், வரிசை நீளம். அம்மாவுக்கு வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றால் நீங்களோ சபையில் விவரம் தெரிந்த ஒருவரோ முதல் நாள் கூடப் போய், சீட்டு எங்கே போடுவது, எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்துவிடுங்கள்.